செஷனுக்கு முன் நிரப்பும் அந்த ஃபாரம் யாருக்காக?

ஜூன் 3, மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

செம்பூரில் ஒரு சைக்காலஜிஸ்டிடம் போய்க்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளே போவதற்கு முன்னால் ஒரு ஃபாரம் கொடுக்கிறார்கள். ஒன்பது கேள்விகள், போன இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று. அதே கேள்விகள், அதே நான்கு பதில்கள். நான் கொடுக்கும் 1,500 ரூபாய் பேசுவதற்கா, பரீட்சை எழுதுவதற்கா? அனுபவமுள்ளவர் என்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டாமா? மனதுக்கு மார்க் போடுவது எனக்கு ஒட்டவில்லை. இந்தத் துறையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

இருக்கிறேன். சயானில் ஒரு சின்ன கிளினிக்கில் உட்காருகிறேன். வாரத்தில் ஒரு நாள் தாராவிப் பக்கம் ஒரு இலவச மையத்துக்கும் போவது உண்டு. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

2005-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. தெரபிஸ்டுகளிடம் 'உங்களிடம் வருகிறவர்களில் யார் யார் வந்தபோது இருந்ததைவிட மோசமாகிப் போவார்கள்' என்று கேட்டு எழுதி வாங்கினார்கள். மொத்தம் 550 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். தெரபிஸ்டுகள் கைகாட்டியது 3 பேரை. கடைசியில் மோசமானவர்கள் 40 பேர். கைகாட்டிய மூன்றில் சரியாக இருந்தது ஒன்று.

இன்னொன்றும் உண்டு. 2012-ல் 129 மனநலத் தொழில்காரர்களிடம் 'மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எந்த இடம்' என்று கேட்டார்கள். சராசரிக்குக் கீழே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான்கில் ஒருவர் தன்னை முதல் பத்து சதவீதத்தில் வைத்துக்கொண்டார். சராசரியாக எல்லோரும் தங்களுக்குப் போட்டுக்கொண்டது நூறுக்கு எண்பதாவது இடம். என்னைக் கேட்டிருந்தால் நானும் கூச்சப்படாமல் எண்பது என்றுதான் எழுதியிருப்பேன்.

முகம் நிறையச் சொல்லும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கிளினிக்குக்கு வருகிறவர்கள் முகத்தைக் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

உங்களுக்குக் கொடுப்பது பி.எச்.கியூ-9 என்ற ஃபாரமாக இருக்கும். 2001-ல் வந்தது, பொது மருத்துவர்கள் மனச்சோர்வைத் தவறவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வார்கள். யாரும் இலவசமாக நகல் எடுத்துக்கொள்ளலாம், அதனால்தான் எல்லா இடத்திலும் இது கிடக்கிறது. நிரப்ப மூன்று நிமிடம் ஆகும். அதையும் செஷன் நேரத்துக்குள் எடுக்கிறார்கள் என்றால் அந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், அந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நிரப்பிக் கொடுத்த ஃபாரத்தைப் பற்றி அவர் உள்ளே ஒரு வார்த்தையாவது பேசியிருக்கிறாரா?

ஜூன் 4

மாட்டுங்கா நண்பர் 'இதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு, நம் ஊருக்கு ஆகுமா' என்கிறார். கோவாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். சங்கத் என்ற அமைப்பு, ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக்கியது. கடுமையான மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு ஆறிலிருந்து எட்டு செஷன். ஒவ்வொரு செஷனிலும் இதே ஒன்பது கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். ஆலோசகர்கள் தங்கள் செஷன்களின் ஒலிப்பதிவைக் கூடி உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். பலன் இருந்தது என்று லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது.

ஒருவர் வேலையை இன்னொருவர் கேட்டு மார்க் போடுவதை நினைத்துப் பார்த்தேன். எங்கள் கிளினிக்கில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் டீ இடைவேளையில் பேச ஆள் இருக்கமாட்டார்கள்.

ஜூன் 6

நேற்று முழுதும் இதே நினைப்பு. முந்தாநாள் எழுதியதில் ஆய்வுக் கணக்கைச் சொன்னேனே தவிர எனக்கு ஏன் இந்த ஃபாரம் பிடித்துப்போனது என்பதைச் சொல்லவில்லை.

தாராவி மையத்துக்கு ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. (ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை. நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் துறையில் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். மனதில் என்ன எண்ணம் வந்தது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, உடம்பு எப்படி இருந்தது, இதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் 'எப்படிம்மா இருக்கீங்க' என்றால் 'பரவாயில்லம்மா, முன்னைக்கு இப்ப தேவல' என்பார். நோட்டு வராது. 'மறந்துட்டேம்மா' என்று சிரிப்பார். எனக்கும் அவர் தேறி வருவதாகத்தான் பட்டது, நன்றாகச் சிரிக்கிறாரே.

ஸ்கோர் மட்டும் 17, 16, 17, 17.

ஒரு நாள் அந்த எண்களை ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடிழுத்து அவரிடமே காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். 'ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லயே' என்றார். ஆமாம்மா, நான் சொல்கிற வழி உங்களுக்குச் சரிப்பட்டு வரவில்லை போலிருக்கிறது, என்ன மாற்றலாம் என்றேன். அதற்கு அப்புறம்தான் வந்தது பேச்சு. இருப்பது பத்துக்குப் பதினைந்து அறை. அதில் ஆறு பேர். நோட்டை எங்கே வைத்தாலும் மருமகள் எடுத்துப் படிப்பாள், படித்தால் வீட்டில் ரணகளம். எழுதுவதே ஆகாத காரியம். 'இத ஏம்மா முன்னாடியே சொல்லல?' என்று கேட்டேன். 'நீங்க இம்புட்டு அக்கறையாச் சொல்றீங்க, ஒங்க மனசு சங்கடப்படுமேன்னுதான்.'

இதைவிட என்ன சொல்ல. என்னிடம் உதவி வாங்க வந்தவர் வாரக்கணக்கில் என்னைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

நோட்டைத் தூக்கிப் போட்டோம். எழுத்துவேலை இல்லாத வழிக்குப் போனோம். விட்டுப்போன காரியங்களைச் சின்னச் சின்னதாகத் திரும்பப் பிடிப்பது: பக்கத்து வீட்டு அக்காவோடு சாயங்காலம் கோயில் வரை போய்வருவது, தங்கச்சிக்கு ஊருக்கு போன் போடுவது. ஸ்கோர் மெதுவாக 11 வரை இறங்கியது. பிறகு மகனுக்கு வேலை போய் மறுபடி ஏறியது. அதற்கு என் சிகிச்சை பொறுப்பில்லை, ஆனால் ஏறியது அந்த வாரமே தெரிந்தது.

நம் ஆட்களிடம் மரியாதை ஒரு நோய் மாதிரி ஒட்டியிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் படித்தவர், அக்கறையாகப் பேசுகிறார் என்றால் 'நீங்க சொன்னது வேலைக்கு ஆகல' என்று வாயால் சொல்ல வராது. தாளில் வட்டம் போடும்போது அந்தக் கூச்சம் கொஞ்சம் குறைகிறது.

ஜூன் 7

இதைப் படித்துவிட்டு என் கணவர் 'நானும் வாரா வாரம் ஒரு ஃபாரம் கொடுக்கட்டுமா, குடும்பம் எப்படிப் போகிறது என்று' என்கிறார். அவர் கேலியாகச் சொல்கிறார், நார்வேயில் நிஜமாகவே செய்திருக்கிறார்கள். தம்பதிகளுக்கான சிகிச்சையில் ஒவ்வொரு செஷனிலும் இருவரிடமும் தனித்தனியாக நிலவரத்தைக் கேட்டு வாங்கி, அதைத் தெரபிஸ்டும் அவர்களுமாகப் பார்த்துக்கொண்டார்கள். 2009-ல் வெளியான ஆய்வு. கேட்டு வாங்கிய தம்பதிகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். எங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாம்பாருக்கு உப்பு குறைவு என்பதில் ஆரம்பிப்பார்.

ஜூன் 8

வாஷியிலிருந்து ஒரு சாஃப்ட்வேர்க்காரர் எக்செல் ஷீட் போட்டுத் தன் ஸ்கோரைத் தினமும் குறித்துவைப்பதாக எழுதியிருக்கிறார். 14 இருந்தது 12 ஆகிவிட்டதாம், சந்தோஷம்.

தம்பி, தினமும் வேண்டாம். கேள்வியே 'கடந்த இரண்டு வாரங்களில்' என்றுதான் ஆரம்பிக்கிறது. ஒரே நாளில் இரண்டு வாரம் மாறிவிடாது. இரண்டு புள்ளி இறக்கத்துக்கு அர்த்தமும் அதிகம் இல்லை. இங்கிலாந்தின் அரசு சிகிச்சைத் திட்டத்தில் இந்த ஃபாரத்தில் 6 புள்ளியாவது மாறினால்தான் நம்பத்தகுந்த மாற்றம் என்று கணக்கில் எடுப்பார்கள். பதற்றத்துக்கான ஜி.ஏ.டி-7 என்றால் 4. அதற்குக் குறைவானது பஸ் கிடைத்தது கிடைக்காதது என்கிற அளவிலேயே ஏறி இறங்கும்.

இன்னொரு சங்கதி. ஆள் கிளினிக்குக்கு வருவதே ரொம்ப மோசமான வாரத்தில்தான். அதற்கு அடுத்த வாரம் சும்மா இருந்தாலே கொஞ்சம் இறங்கும். முதல் இறக்கத்தைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொள்ளாத கவுன்சிலர் அபூர்வம்.

ஜூன் 11

அந்தேரி டாக்டர் ஒருவர் 'பிரஷர் பார்க்காமல் மாத்திரையை மாற்றும் டாக்டர் உண்டா, அது மாதிரிதான் இது' என்று எழுதியிருக்கிறார். எனக்குச் சாதகமாகத்தான் எழுதுகிறார், இருந்தாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிரஷருக்கு மெஷின் தனி, ஆள் தனி. இங்கே அளக்கிற மெஷினும் அளக்கப்படுகிற ஆளும் ஒன்றே.

உதாரணத்துக்கு இட்லிக்காரர்கள். தாராவியில் இட்லி அவித்து மும்பை முழுக்க சைக்கிளில் கொண்டுபோய் விற்கிற குடும்பங்கள் ஏராளம். நள்ளிரவு தாண்டினதும் அடுப்பு பற்றவைத்தாக வேண்டும். அவரிடம் 'தூக்கத்தில் தொந்தரவு உண்டா' என்றால் ஏறக்குறைய தினமும்தான். 'அசதி?' தினமும். மனச்சோர்வே இல்லாமல் ஆறு புள்ளி வந்துவிட்டது. ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பவரிடமும் ரம்ஜான் நோன்பில் இருப்பவரிடமும் பசியைப் பற்றிக் கேட்டால் இதே கதை. இரவு ஷிப்ட் கால் சென்டர் பிள்ளைகளும் அப்படித்தான்.

அதனால் மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டேன். எந்தக் கேள்வி நகர்ந்தது, எது நகரவே இல்லை என்று வரிவரியாகப் பார்க்கிறேன். இட்லிக்காரருக்குத் தூக்கம் 3-லேயே நிற்கட்டும், 'எதிலும் ஆர்வமில்லை' என்பது 3-லிருந்து 1-க்கு வந்திருக்கிறதா என்பதுதான் எனக்கு வேண்டியது.

டாக்டர் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். 1960-லேயே மாக்ஸ் ஹாமில்டன் மனச்சோர்வுக்கு அளவுகோல் செய்தபோது நிரப்புகிற வேலையை மருத்துவர் கையில்தான் கொடுத்தார். நோயாளியே நிரப்புவது வேறு தினுசு, அதன் பலமும் அங்கேதான், பலவீனமும் அங்கேதான்.

ஜூன் 14

மழை பிடித்துக்கொண்டது. சயான் தண்டவாளத்தில் தண்ணீர், பாதிப் பேர் வரவில்லை, எல்லாம் போனில். ஃபாரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று இங்கே இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அனுப்பலாம். ஆனால் ஒன்பதாவது கேள்வியை யோசித்துவிட்டு அனுப்புங்கள்.

ஒன்பதாவது, செத்துப்போயிருந்தால் நன்றாக இருக்கும் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ நினைப்பு வருகிறதா என்று கேட்பது. என் எதிரே உட்கார்ந்து ஒருவர் அதில் வட்டம் போட்டால் அடுத்த நிமிடமே பேசுவேன். எவ்வளவு நாளாக, திட்டம் ஏதும் உண்டா, வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்டு, தேவைப்பட்டால் அன்றைக்கே சைக்கியாட்ரிஸ்டிடம் கூட்டிக்கொண்டு போவேன். அதையே இரவு பதினொரு மணிக்கு போனில் தட்டி அனுப்புகிறார், கவுன்சிலர் தூங்கிவிட்டார், வியாழக்கிழமை செஷனில்தான் திறந்து பார்க்கிறார் என்றால்? கேட்டுவிட்டுக் காது கொடுக்காமல் இருப்பது கேட்காமலே இருப்பதைவிடக் கொடுமை. யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள் என்று முடிவு செய்யாமல் ஆன்லைன் ஃபாரம் வேண்டாம்.

இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி நினைப்பு வந்துகொண்டிருந்தால் ஃபாரத்துக்கும் செஷனுக்கும் காத்திருக்க வேண்டாம். 14416, டெலி-மானஸ், மத்திய அரசின் இலவச எண், இரவு பகல் எந்நேரமும் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

ஜூன் 14, சற்று கழித்து

இன்னொன்று விட்டுப்போயிற்று. போன் யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாராவியில் பாதி வீட்டில் மனைவியின் வாட்ஸ்அப் கணவர் கையில்.

ஜூன் 19

செம்பூர் வாசகர் பதில் எழுதியிருக்கிறார். 'இல்லை, ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை, ரிசப்ஷனில் வாங்கி ஃபைலில் போடுகிறார்கள்.' நினைத்தேன். அப்படியென்றால் உங்கள் எரிச்சல் நியாயம்தான். இந்த ஃபாரத்தில் மருந்து எதுவும் தடவியிருக்கவில்லை. பார்த்து, பேசி, எதையாவது மாற்றினால்தான் பலன். நெதர்லாந்தில் தெரபிஸ்டுகளிடம் ஸ்கோரைக் கொடுத்துவிட்டு யார் யார் அதைப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேர்தான் பயன்படுத்தியிருந்தார்கள். மீதிப் பேரிடம் தாள் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அடுத்த தடவை உட்கார்ந்ததும் கேளுங்கள்: 'ஆரம்பத்திலிருந்து என் ஸ்கோர் எப்படிப் போகிறது, காட்டுங்கள்.' சண்டையாகக் கேட்க வேண்டாம்.

ஸ்கோர் அசையாமல் நின்றால் கவுன்சிலர் எங்கே தேட வேண்டும் என்பதற்கு மைக்கேல் லாம்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு வழி வைத்திருக்கிறார். 45 கேள்விகள் கொண்ட ஓ.கியூ-45 அளவுகோல் அவருடையது. அதில் எதிர்பார்த்த பாதையிலிருந்து விலகுகிறவர்களை மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுக் காட்டுவார்கள். சிவப்பு விழுந்தால் தெரபிஸ்ட் நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். நமக்கும் இவருக்கும் உள்ள உறவில் விரிசலா? மாற வேண்டும் என்ற ஊக்கம் அவருக்கு இருக்கிறதா? வீட்டில், வெளியில் தாங்க யாராவது உண்டா? இடையில் வாழ்க்கையில் ஏதாவது இடி விழுந்ததா? நான் நான்காவதைத்தான் முதலில் கேட்பேன். மும்பையில் இடிக்குப் பஞ்சமில்லை. வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பதே ஒரு வீட்டைக் குலைத்துப்போடும்.

ஜூன் 20

ஸ்கோர் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், செஷன் எப்படி இருந்தது என்று கேட்கிற இன்னொரு வகையும் இருக்கிறது. ஸ்காட் மில்லர், பாரி டங்கன் போன்ற உளவியலாளர்கள் செய்த சின்ன அளவுகோல், நான்கே கோடுகள். இன்றைக்கு உங்களைக் காது கொடுத்துக் கேட்டேனா, நீங்கள் பேச நினைத்ததைப் பேசினோமா, நான் போகிற வழி உங்களுக்குப் பொருந்துகிறதா, மொத்தத்தில் எப்படி. ஒவ்வொரு கோடும் பத்து சென்டிமீட்டர். பேனாவால் ஒரு குறி போட வேண்டும், ஸ்கேல் வைத்து அளந்தால் மொத்தம் 40. 36-க்குக் கீழே வந்தால் ஏதோ சரியில்லை, பேசுங்கள் என்பார்கள்.

36 என்றதும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். 90 சதவீதம் வாங்கினாலும் ஃபெயிலா என்று. காரணம் இருக்கிறது: எல்லோருமே உயரமாகத்தான் போடுவார்கள், எந்த ஊரிலும். நம்மிடம் கேட்கவே வேண்டாம், எனக்கு நாற்பதுக்கு நாற்பதுதான். கண் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு முப்பது போட யாருக்கு மனம் வரும்? ஒரு மாமா (மாட்டுங்கா, ரிடையர்டு பேங்க் ஆபீசர்) பேனாவைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் பத்துக்குப் பன்னிரண்டு போட்டார்.

கேட்கிற விதத்தை மாற்றிப் பார்த்தேன். 'நன்றாக இருந்ததா?' என்று கேட்பதில்லை. 'இன்னிக்கு நாம பேசினதுல எது வேலைக்கு ஆகல? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அப்புறம் கிளம்பலாம்' என்பேன். முதலில் திணறுவார்கள். அப்புறம் வரும். 'நீங்க கடிகாரத்தை ரெண்டு தடவை பார்த்தீங்க' என்று ஒரு காலேஜ் பெண் சொன்னாள். கடிகாரத்தை அவள் தலைக்குப் பின்னால் மாட்டிவிட்டேன். இப்போதும் பார்க்கிறேன், ஆனால் தெரியாது.

பன்னிரண்டு போட்ட மாமா சொன்னது வேறு மாதிரி. 'நீ ரொம்ப இங்கிலீஷ் பேசறேம்மா. நான் பேங்க்ல பேசின இங்கிலீஷே போறும்.'

ஜூன் 25

என்னோடு படித்த ஒருத்தி, இப்போது டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி போனில் பிடித்துக்கொண்டாள். 'நீ என்ன, ஃபாரத்துக்கு ஏஜென்சி எடுத்திருக்கிறாயா? காக்ரன் என்ன சொன்னார்கள் என்பதை ஏன் எழுதவில்லை?'

சரி, எழுதுகிறேன். காக்ரன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசிப் பார்க்கிற சர்வதேச அமைப்பு. அவர்கள் 2016-ல், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பிரச்சினைகளில் இந்த மாதிரி ஸ்கோர் வாங்கித் தெரபிஸ்டுக்குத் திருப்பிச் சொல்வதால் பலன் உண்டா என்று 17 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். எல்லோருக்கும் பொதுவாகப் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவர்களுக்குத் தெரியவில்லை. ஆய்வுகளின் தரமும் போதவில்லை. லாம்பர்ட் குழுவின் ஆய்வுகளில் பலன் தெளிவாகத் தெரிந்தது, வழி தவறிப் போய்க்கொண்டிருந்தவர்களிடம்தான். நன்றாகத் தேறி வருகிறவருக்கு ஃபாரம் கொடுத்தாலும் ஒன்று, கொடுக்காவிட்டாலும் ஒன்று.

யோசித்தால் அது எனக்குச் சரியாகவே படுகிறது. அந்தத் திருநெல்வேலி அம்மா மாதிரி நின்றுபோனவர்களுக்குத்தான் இது வேண்டும். சிக்கல் என்னவென்றால் யார் நிற்பார் என்பது முன்கூட்டியே தெரியாது. அதனால் எல்லோரிடமும் கேட்கிறோம். தேறிக்கொண்டிருப்பவருக்கு அந்த மூன்று நிமிடம் தண்டம்தான், செம்பூர்க்காரர் அந்த ரகமாக இருந்தால் அவர் முணுமுணுப்பதில் தப்பில்லை.

அவள் சொன்ன இன்னொன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. 'ஸ்கோர் நோயாளிக்காக இருக்கிறவரைக்கும் சரி, மேனேஜர் கைக்குப் போனால்?'

ஜூன் 26

மேனேஜர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்த்திருக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) காலாண்டுக்கு ஒரு தடவை கவுன்சிலர்களின் 'முன்னேற்ற சதவீதம்' என்று ஒரு பட்டியல் சுவரில் ஒட்ட ஆரம்பித்தார்கள். யாருடைய ஆட்கள் எத்தனை புள்ளி இறங்கினார்கள் என்று. யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் முதல் நாள் ஃபாரத்தை நிரப்பும்போது 'நல்லா யோசிச்சுப் போடுங்க, கஷ்டத்தைக் குறைச்சுச் சொல்லாதீங்க' என்பது வழக்கமானது. கடைசி நாளன்று 'முன்ன விட இப்ப பரவாயில்லதானே?' என்று கேட்டுக்கொண்டே பேனாவைக் கொடுத்தார்கள். எண் அழகாக இறங்கியது. கடினமான ஆட்களைச் சைக்கியாட்ரி பக்கம் தள்ளிவிடுவதும் நடந்தது. பட்டியலில் கடைசியில் இருந்தவர் எங்களில் நல்ல கவுன்சிலர், எவரும் தொடத் தயங்குகிற ஆட்களை எடுத்துக்கொள்வார். அவர்தான் முதலில் வேலையை விட்டுப் போனார்.

இங்கிலாந்தில் 2008-ல் தொடங்கிய பெரிய அரசுத் திட்டத்தில் ஒவ்வொரு செஷனிலும் ஸ்கோர் வாங்குகிறார்கள். சிகிச்சை முடித்தவர்களில் பாதிப் பேர் தேறியிருக்க வேண்டும் என்று இலக்கும் வைத்தார்கள். எவ்வளவு பேருக்கு என்ன நடந்தது என்று நாடு முழுதும் வெளிப்படையாகத் தெரிவது பெரிய விஷயம், நம்மிடம் அது கனவு. ஆனால் இலக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அதைத் தொடுவதற்கு மனிதர்கள் வழி கண்டுபிடிப்பார்கள். அந்தச் சுவர்ப் பட்டியல் ஞாபகம் வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்: ஃபாரத்தை முதலில் பார்க்க வேண்டியவர் அதை நிரப்பியவர், அடுத்தது கவுன்சிலர், அவருக்கு மேற்பார்வையாளர். அதற்கு மேல் போகும்போது பெயர்கள் இல்லாமல் போகட்டும்.

ஜூலை 1

செம்பூரிலிருந்து செய்தி. கேட்டிருக்கிறார். கவுன்சிலர் ஒரு நிமிடம் முழித்தாராம், பிறகு ஃபைலை எடுத்து மேஜையில் பரப்பி இருவருமாகப் பார்த்தார்களாம். மொத்தம் இறங்கியிருக்கிறது, ஆனால் 'கவனம் செலுத்த முடியவில்லை' என்ற ஏழாவது கேள்வி ஆரம்பத்திலிருந்து 3-லேயே. அதை இருவருமே கவனித்திருக்கவில்லை. இனி அதைப் பற்றிப் பேசப்போகிறார்களாம். ஃபாரம் இன்னமும் எரிச்சல்தான் என்றும் எழுதியிருக்கிறார். இருக்கட்டும்.

ஜூலை 3

புதிதாக ஒரு கேள்வி, முலுண்டிலிருந்து ஓர் அப்பா. மகளுக்கு 22 வயது, கவுன்சிலிங் போகிறாள், ஃபீஸ் இவர் கட்டுகிறார். அவளுடைய ஸ்கோர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவுன்சிலரிடம் கேட்டால் சொல்ல மறுக்கிறாராம், இது என்ன நியாயம் என்கிறார்.

சார், அவர் செய்வது சரி. 2017 மனநலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சிகிச்சையில் இருப்பவருக்கு ரகசியம் காக்கப்படும் உரிமையைக் கொடுக்கிறது. 25-ஆவது பிரிவு தன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையையும் கொடுக்கிறது, அந்த உரிமை உங்கள் மகளுக்கு. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் கவுன்சிலர் உங்களைக் கூப்பிடுவார், அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. நீங்கள் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால் அடுத்த வாரமே அவள் எல்லாவற்றிலும் சைபர் போட்டுக் கொடுத்துவிடுவாள். உங்களுக்கு நிம்மதியாக இருக்கும், கவுன்சிலருக்குக் கண்ணைக் கட்டியது போலாகிவிடும்.

ஃபீஸ் ரசீது மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்களுக்கு முழு உரிமை உண்டு.